ஊதா நின்ற கண்ணாடி

“அந்த ரிப்போர்ட்டத் திரும்ப வாங்குங்க சார்.” சொல்லியாயிற்று, இனி விழுங்க முடியாது… இந்த ஆய்வகத்தில் சேர்ந்த அன்றே டெக்னீஷியன் அக்கா காதைக் கடித்தாளே, என்ன வேணா கேளு, போன ரிப்போர்ட்ட மட்டும் திரும்பக் கேட்காத, டாக்டருக்கு அது தலைய வெட்டுற மாதிரி… தலைமை டாக்டர் நிமிரவில்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டவளுக்குக் கால் கடுத்தது, காலையிலிருந்து நின்றபடி வேலை, சாப்பிட்டோமா? இல்லை. இவர் காலையில் ஒரு கையில் போனும் மறு கையில் ஆல்கஹால் பாட்டிலுமாக நின்றது கண்ணிலேயே நிற்கிறது, மகளுக்கு எந்தக் காலேஜ் என்று பேசிக்கொண்டே, முதுகுத்தண்டு நீர் தடவி ஊதாச் சாயம் ஏற்றிய கண்ணாடித் துண்டில் ஊற்றினார், ஊற்றினார்… சாயம் வடிவது நின்றதும் நிறுத்த வேண்டாமா? தடித்த சுவர்க் கிருமி ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்ளும். மெல்லிய சுவரும் அதற்கு வெளியே ஒரு கொழுப்புச் சவ்வும் உள்ள கிருமியோ, ஆல்கஹாலில் சவ்வு கரைந்து ஊதாவை விட்டுவிடும், அடுத்து ஊற்றும் சிவப்பை ஏற்கும். ஆனால் அளவுக்கு மீறிக் கழுவினால் தடித்த சுவரும்தான் விட்டுவிடும், எத்தனை நேரம்தான் தாங்கும் அது… சிவப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வார்டில் மருந்தை மாற்றிவிட்டார்கள், சிவப்புக் கிருமியை மட்டும் கொல்லும் மருந்து. மூளைக்காய்ச்சலோடு கிடக்கும் அந்தத் தையல்காரம்மாவுக்கு அது பச்சைத் தண்ணீர்தான்.

“நான் திரும்பச் சாயம் போட்டுப் பார்த்தேன் சார், ஊதாதான். ஊதா ஒண்ணு, சிவப்பு ஒண்ணுன்னு தெரிஞ்ச கிருமி ரெண்டையும் பக்கத்துலயே வச்சுப் போட்டேன், ரெண்டும் சரியா வந்துச்சு.”

“நாளைக்குக் கல்ச்சர் வரட்டும்மா, கிருமி வளர்ந்ததும் தெரிஞ்சிடும்.”

“அதுவரைக்கும் அந்தம்மா தாங்குவாங்களா?”

“நேத்து டிகிரி வாங்கிட்டு வந்து எனக்குக் கலர் சொல்லித் தர்றியா? வேலை வேணுமா வேணாமா?” வேண்டும், ஏன் வேண்டாம், வீட்டிலேயே முதல் டிகிரி, அம்மா சொந்தக்காரர் வீடெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், உன் வாய்தான்டி உனக்கு எமன் என்றும் அவளேதான் சொன்னாள்… அலுப்பாக இருந்தது, கோபப்படக்கூட அலுப்பு. இவரிடம் இன்னும் நின்று என்ன ஆகப்போகிறது? வார்டு ரெண்டு மாடி மேலே, அங்கிருக்கும் டாக்டருக்கும் கண் இருக்கிறது, லென்ஸில் பார்க்கட்டும். ஊதா நின்ற கண்ணாடியை டப்பாவில் வைத்து மூடினாள், மைக்ரோஸ்கோப்பைத் தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டாள். “ஏய், அத எங்க தூக்கிட்டுப் போற?” நடந்தாள். கதவருகே கைகழுவும் தொட்டியில் அக்கா, திரும்பிப் பார்க்காமல், தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டுக்கொண்டு… முதுகுநீர் வந்தால் ஒரு கண்ணாடியில்தானே தடவுவாள்? இன்றைக்கு மட்டும் ஏன் ரெண்டு? ஒன்றைச் சாயம் போடாமல் என் தட்டில் காயவைத்திருந்தாளே, நான் போட்டுப் பார்த்தது அதைத்தானே… கேட்காதே என்றவள். கேட்டுவிடலாமா? தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மைக்ரோஸ்கோப்போடு அவள் முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு படியேறினாள்.