சத்தம் வரும் கேமரா

அப்பா இறந்த அன்று ஜோயலின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது கேமரா பேட்டரியைப் பற்றிய கவலை. வேறு எதுவும் ஓடவில்லை. ஓடவேண்டியவை எல்லாம் ஒரகடம் கூட்ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, வந்துகொண்டே இருந்தன போலும்.

கட்டிலின் மேல் இரண்டு கேமராக்கள் கிடந்தன. ஒன்று அவனுடைய பழைய டி.எஸ்.எல்.ஆர். செங்கல் கனம். பிடியில் ரப்பர் உரிந்து, பசை போட்டு ஒட்டி, மறுபடி உரிந்திருந்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் கண்ணாடி எகிறி விழுந்து ‘டக்’கென்று பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும். இன்னொன்று புது மிரர்லெஸ். உள்ளே கண்ணாடியும் இல்லை, கனமும் இல்லை, சத்தம் வேண்டாமென்றால் அதுவும் இல்லை. சுங்குவார்சத்திரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கோபால் அண்ணன் ஒரு வாரம் வைத்துப் பார் என்று கொடுத்தது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்வதா, புதியதைத் திருப்பிவிடுவதா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லவேண்டும். சனிக்கிழமை காலையில் அப்பா போய்விட்டார்.

புதிய கேமரா பேச்சு வந்ததே பாஸ்டரால்தான். ஜோயல் வாரநாட்களில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்பான்; வாரக்கடைசியில் சபையின் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பான். போன மாதம் ஒரு கல்யாணத்தில் பாஸ்டர் மாப்பிள்ளையிடம் சம்மதமா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் டக். கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் அவனைத் தனியாக அழைத்து, “தம்பி, மாப்ளைக்கு முன்னாடி உன் கேமரா சம்மதிச்சிடுதுப்பா” என்றார். அதனால் புதிய கேமரா கைக்கு வந்த அன்றே ஜோயல் அதைச் சத்தமில்லா முறையில் போட்டுவைத்தான். போட்டதை மறந்தும்விட்டான்.

அப்பா ஜெபகுமாருக்கும் கேமராதான் தொழில், வேறு திசையில். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி கேட்டில் அவர் செக்யூரிட்டி. உள்ளே போகிறவர்களின் போனை வாங்கி, கேமராக் கண்ணின் மேல் சிவப்பு வட்ட ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பவேண்டும். ஷிஃப்ட் மாறும்போது கூட்டம் நெருக்கும் என்பதால் இடது கட்டைவிரல் நகத்தில் எப்போதும் ஒரு ஸ்டிக்கரைத் தயாராக ஒட்டிவைத்திருப்பார். வீட்டுக்கு வந்தும் அது அங்கேயே இருக்கும். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, “அதைப் பிச்சிப் போட்டுட்டுத் துண்ணேன்யா” என்பாள். “நாளைக்கு ஆவும் ரத்னா” என்பார் அப்பா. ஊரில் ஒருவன் கேமராவைத் திறந்துகொண்டிருக்க, அவனைப் பெற்றவர் மூடிக்கொண்டிருந்தார். சண்டை ஒன்றும் இல்லை. டிபார்ட்மெண்ட் வேறு, அவ்வளவுதான்.

இதில் ஒரே ஒரு குறை. அப்பாவும் ஜோயலும் சேர்ந்து இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. அப்பா இருக்கும் படங்களை எடுத்தவன் ஜோயல். எடுத்தவன் எப்படி உள்ளே இருப்பான்? சின்னப்பிள்ளைப் படங்கள் இருந்தன. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருடம் முடிச்சூர் வாடகை வீட்டுக்குள் வந்த தண்ணீர், பீரோவின் கீழ்த்தட்டோடு சேர்த்து அவற்றை எடுத்துக்கொண்டது. கடைசியாக அக்கா மெர்சியின் கல்யாணத்தில் ஜோயல் கேமராவைப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் அப்பா பக்கத்தில் நின்றான். பாஸ்டர் ஜெபம் செய்துவிட்டு அழுத்தினார். படத்தில் அப்பாவின் வலது காது வந்திருந்தது. நல்ல தெளிவாக வந்திருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அப்பாவின் அக்கா வந்தாள். சிங்கப்பெருமாள் கோவிலில் வாக்கப்பட்டவள் என்பதால் வீட்டில் அவளுக்குக் கோவில் அத்தை என்று பெயர். பாஸ்டருக்கு மட்டும் அந்தப் பெயரில் சின்ன வருத்தம் உண்டு.

“இன்னாடா, கேமராவைப் பாத்துகினு குந்திகினுகீற? பெட்டி மூடப் போறாங்கோ. போட்டோ எடுக்க வா.”

“யாரு அத்தை எடுக்கறது?”

“நீதான். எந்தம்பியா எந்திரிச்சு வந்து எடுப்பான்?”

பெட்டி மூடுவதற்கு முன் குடும்பமே சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். ஜோயல் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் எடுத்திருக்கிறான். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. போட்டோக்காரன் கேமராவைத் தூக்கியதும் ஒப்பாரி நிற்கும். முந்தானையால் முகம் துடைப்பார்கள், பிள்ளைகளின் தலைமுடியை ஒதுக்குவார்கள், நேராகப் பார்ப்பார்கள். டக். சத்தம் கேட்டதும் விட்ட இடத்திலிருந்து அழுகை ஆரம்பிக்கும். அந்த இடைவெளியில் அழுவது அநாகரிகம். அழுதால் பக்கத்தில் நிற்பவர் இடிப்பார்.

மெர்சி வாசலில் நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது. ஜோயலின் முகம் காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

“நீ நின்னா போதும்டா அப்பா கூட. யாரையாச்சும் அமுக்கச் சொல்லலாம்.”

அழுத்தத் தெரிந்தவர்கள் எல்லாம் படத்தில் நிற்கவேண்டியவர்கள். கோபால் அண்ணன் வாலாஜாபாத்தில் முகூர்த்தத்தில் இருந்தார், நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பின்னாலிருந்து பாஸ்டர், “நான் வேணும்னா...” என்று ஆரம்பித்தார். மெர்சி அவரைப் பார்த்தாள். அவர் வேதாகமத்தைப் புரட்டத் தொடங்கினார்.

“அந்தப் புதுசுல போன்ல இருந்தே எடுக்கலாம்னு சொன்னியே” என்றாள் மெர்சி.

சொல்லியிருந்தான். ஜோயல் புதியதை எடுத்தான். முடிவு அந்த அளவுக்குச் சுலபமாக இருந்தது.

பந்தலில் ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவை மாட்டி, போனோடு இணைத்தான். கூட்டம் வழிவிட்டது. அம்மா பெட்டியின் கால்மாட்டில் நின்றாள். ஜோயல் தலைமாட்டுக்குப் போய் நின்று போனைப் பார்த்தான். திரையில் எல்லோருடைய முகத்திலும் கேமரா கட்டம் போட்டிருந்தது. அத்தைக்கு ஒரு கட்டம், மெர்சிக்கு ஒரு கட்டம். அப்பாவுக்கும் ஒரு கட்டம். புதிய மாடல், ஆள் வித்தியாசம் பார்ப்பதில்லை. அப்பாவின் கட்டத்துக்குள் மட்டும் இன்னொரு சின்னக் கட்டம் கண்ணைத் தேடிக்கொண்டு அங்குமிங்கும் நகர்ந்தது. அது ஓயட்டும் என்று ஜோயல் காத்திருந்தான். ஓயவில்லை.

“எல்லாம் பாருங்க” என்று சொல்லிவிட்டுத் திரையைத் தொட்டான்.

ஒப்பாரி நின்றது. முந்தானைகள் இறங்கின. எல்லோரும் கேமராவை நேராகப் பார்த்தார்கள். ஜோயல் தொட்டான், மறுபடி தொட்டான். படம் விழுந்துகொண்டிருந்தது. பந்தல் துணி படபடத்தது. ஹைவேயில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாரும் அசையவில்லை. பெட்டிக்குள் இருப்பவரும் வெளியே நிற்பவர்களும் ஒரே கட்சி ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

கோவில் அத்தை உதட்டை அசைக்காமல் கேட்டாள். “எட்த்துட்டியா?”

“எடுத்துட்டேன் அத்தை.”

“சத்தமே வர்ல?”

“அது அப்டித்தான்.”

அத்தை யோசித்தாள். “அப்போ அழுவலாமா?”

இதுவரை யாரும் ஜோயலிடம் அனுமதி கேட்டதில்லை, கேமராவே கொடுத்துவிடும். அத்தை ஒரு குரல் எடுத்துப் பார்த்தாள். கூடச் சேர ஆளில்லாமல் அது பாதியில் நின்றது. அம்மா மட்டும் இன்னும் கேமராவையே பார்த்துக்கொண்டு, கையைக் கட்டி, நேராக நின்றாள். முடிந்துவிட்டது என்று அவளிடம் யாராவது சொல்லவேண்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை.

ஜோயல் எடுத்த படங்களைத் தள்ளிப் பார்த்தான். அருமையான படங்கள். முடிக்கு முடி தெளிவு. ஒவ்வொன்றிலும் குடும்பமே நேராகப் பார்த்துக்கொண்டிருக்க, தலைமாட்டில் நிற்கும் மகன் மட்டும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் பெட்டிப் பக்கத்தில் நின்று ஐ.பி.எல் ஸ்கோர் பார்க்கிறவன் மாதிரி இருந்தான்.

“இன்னாடா?” என்றாள் மெர்சி.

“சரியில்ல. இரு.”

“பாஸ்டருக்கு நேரமாவுதுடா.”

“அப்பாவுக்கு ஆவல இல்ல. இரு.”

உள்ளே போய்ப் பழைய கேமராவை எடுத்துவந்தான். பேட்டரி ஒரு கோட்டில் இருந்தது. புதியதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினான். ஸ்டாண்ட் கனம் தாங்காமல் கொஞ்சம் இறங்கியது, இறுக்கினான். இதில் போன், கட்டம் எதுவும் கிடையாது. பத்து நொடி டைமர் உண்டு. அம்மாவின் முகத்தில் ஃபோகஸ் வைத்து, அழுத்திவிட்டு ஓடினான்.

கேமரா பீப், பீப் என்று எண்ணத் தொடங்கியது. பந்தல் ஓரத்தில் ஊர்ச்செருப்பெல்லாம் குவிந்துகிடந்தது. ஜோயலின் கால் யாரோ ஒருவரின் செருப்புக்குள் நுழைந்து, அதோடு இரண்டு எட்டு வந்து, கழன்றது. சித்தப்பாவை இடித்தான். “பாத்துடா” என்றார் அவர், வாயைத் திறக்காமல். பீப் வேகமானது. தலைமாட்டுக்கு வந்து விழாமல் இருக்கப் பெட்டியின் விளிம்பைப் பிடித்தான். நிமிர்ந்து கேமராவைப் பார்க்கவேண்டும், அதற்குத்தான் இத்தனை ஓட்டம்.

குனிந்த கண் அப்பாவின் கைகளில் பட்டது. குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, விரல்களைக் கோத்து நெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள். காலையிலிருந்து எத்தனையோ பேர் அந்தக் கைகளைத் தொட்டுக் கும்பிட்டிருந்தார்கள். இடது கட்டைவிரல் நகத்தில் சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ஒரு ஓரம் லேசாக எழும்பி, ஒட்டுவதற்குத் தயாராக.

டக்.

பந்தல் மொத்தமும் மூச்சை விட்டது. அம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு, அப்படியே பெட்டியின் மேல் சரிந்தாள். அத்தை தொடங்கினாள், இந்த முறை எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அந்த இரைச்சலில் கரகரத்து, பழக்கமில்லாத மாதிரி ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. அது தன்னுடையது என்று ஜோயலுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. மெர்சி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

மூடி வருவதற்கு முன் யாரோ ஸ்டிக்கரைக் கவனித்து, பிய்க்கக் கை நீட்டினார்கள்.

“இருக்கட்டும்” என்றான் ஜோயல்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்தபோதுதான் கோபால் அண்ணன் வந்தார். நெற்றியில் முகூர்த்த வீட்டுச் சந்தனம் இருந்தது. ஜோயலின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே விஷயத்தைக் கேட்டார்.

“படம் எடுத்தியாடா?”

ஜோயல் பழைய கேமராவின் பின்திரையைக் காட்டினான். எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோயல் பாதி கலங்கலாக, வாய் திறந்து, கேமராவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பந்தலின் மூங்கில் கோணலாக வந்திருந்தது. கோபால் அண்ணன் தலையைச் சாய்த்து மூங்கிலை நேராக்கிப் பார்த்தார். பேட்டரி தீர்ந்து திரை அணைந்தது.

“பழசே இருக்கட்டும்ணா” என்று புதியதை நீட்டினான் ஜோயல்.

“இன்னாடா, நல்லா யோசிச்சியா? அவசரமில்ல.”

“இதுல சத்தம் வருது.”

“அதுலயும் வரும்டா. சைலண்ட்ல போட்டுவெச்சிகீற நீ. மெனுக்குள்ள போய் மாத்துனா முடிஞ்சுது.”

“தெரியும்ணா.”

கோபால் அண்ணன் கேமராவை வாங்கிப் பையில் வைத்தார். “பாஸ்டர் திட்டுவாரேடா” என்றார்.

ஜோயல் திரும்பிப் பார்த்தான். பாஸ்டர் மண்மேட்டின் அருகே அம்மாவோடு நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“திட்டட்டும்” என்றான்.