பதினொரு நிமிடம்

அவனை அண்ணன் என்று சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவன் சூப்பர்வைசர், நான் கம்ப்யூட்டர் பார்ப்பவள். வேலை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். தினமும் மூன்று தடவையாவது அதைச் சொல்லிக்காட்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

வாசலில் விரல்ரேகை மிஷின். எட்டரை தாண்டி விரல் வைத்தால் லேட். மாதத்தில் மூன்று லேட் விழுந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். பெட்டிக்கு டேப் ஒட்டும் டேப் அக்காவுக்கு இரண்டு விழுந்துவிட்டது.

“எட்டு இருபதுக்கே வந்துட்டேம்மா, சத்தியமா!” என்று என்னிடம் வந்து அழுதாள். போய்ப் பார்த்தேன். மிஷின் பதினொரு நிமிடம் முந்திக்கொண்டு ஓடியது.

வந்த கோபத்தில் அதைப் போட்டு உடைத்திருப்பேன். அதற்குப் பதிலாக ஒரு டைம் சர்வர் போட்டேன். இப்படி ஒன்று இருப்பதே பல முதலாளிகளுக்குத் தெரியாது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் சின்ன மென்பொருள், அவ்வளவுதான். வாசல் மிஷின், சுவர்க் கடிகாரம், சங்கு எல்லாம் அதைக் கேட்டுத்தான் மணி காட்டும். தனித்தனியாக யாரும் கைவைக்க முடியாது.

“யாரைக் கேட்டுடி இதைச் செஞ்ச?” முதலாளியின் அறையிலேயே அண்ணன் கத்தினான்.

“மிஷின்ல மணியை மாத்தினது யாருன்னு நீ முதல்ல சொல்லு.”

“நான்தாம்மா மாத்தச் சொன்னேன்” என்றார் முதலாளி. “பத்துப் பேரைக் குறைக்கணும். சும்மா போகச் சொன்னா சண்டைக்கு வருவாங்க. லேட்டுன்னா வாயைத் திறக்க முடியாது.”

பிறகு என் சர்வரைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்.

“அப்போ இந்த ஒரு இடத்துல மாத்தினா எல்லாமே மாறிடுமா?”

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

“காலையில முந்தி வச்சுட்டு, மதியத்துக்கு மேல சரி பண்ணிக்கலாம் சார்” என்று பல்லை இளித்தான்.

பாஸ்வேர்டு கேட்டார்கள். செத்தாலும் தர மாட்டேன் என்றேன். எல்லாப் பாஸ்வேர்டையும் உறையில் போட்டு முதலாளியிடம் ஒப்படைப்பது அங்கே விதி. சர்வர் போட்ட அன்றே ஒட்டிக் கொடுத்திருந்தேன். முதலாளி மேஜை டிராயரைத் திறந்தார்.

மறுநாள் காலை டேப் அக்கா விரல் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. எட்டு முப்பத்திரண்டு. அவள் கைக்கடிகாரத்தை நீட்டினாள். அதில் எட்டு இருபத்தொன்று.

“கம்பெனியே தப்பு, உன் ஓட்டைக் கடிகாரம்தான் சரியா?” அண்ணன் சுவரைக் காட்டினான், அலுவலகக் கம்ப்யூட்டரைக் காட்டினான். எல்லாம் ஒரே மணி. சங்கும் ஊதி ஓய்ந்திருந்தது. செல்போன்களை வெளிக்கதவிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நேற்றுவரை சுவர்க் கடிகாரமாவது அவள் பக்கம் இருந்தது. அதையும் பிடுங்கியவள் நான்.

“நீ சொல்லும்மா, மணி என்ன?” என்றாள் என்னிடம்.

அண்ணன் முறைத்தான். “எட்டு இருபத்தொண்ணு!” என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். “மணியை மாத்தினது இவன்தான்!”

“தள்ளுங்க ரெண்டு பேரும்!” என்று வரிசை எங்களை இடித்துக்கொண்டு மிஷினை நோக்கிப் பாய்ந்தது. “எங்களுக்கு இன்னும் லேட்டாகுது!”