நோட்டரியின் முன்னிலையில்

நோட்டரி ராயப்பன் பத்திரத்தைப் படித்து முடித்துவிட்டு, கடைசித் தாளில் இருந்த பெருவிரல் ரேகையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முத்திரையைத் தொடாமலே பத்திரத்தைத் தேவநாதன் பக்கம் தள்ளினார்.

"இந்த அம்மா எங்கங்க?"

"முகையூர்ல, வூட்ல. செத்துப்போன என் தம்பி பொண்டாட்டி வீரம்மாள். அதுலயே எழுதியிருக்குதே."

"அவங்க எம்முன்னால ரேகை வெச்சாத்தான் நான் அத்தாட்சி போட முடியும். நீங்க வூட்ல வெச்சி எடுத்துக்கினு வந்தா செல்லாதுங்க."

தேவநாதனுக்குச் சுருக்கென்றது. போன வாரம் விழுப்புரத்தில் அக்கா மகன் சீனுவாசனும் இதையேதான் சொன்னான். அவனும் நோட்டரி. "நேர்ல வந்தாலும் நான் போடக்கூடாது மாமா, நம்ம குடும்பத்துச் சொத்து. வேற ஆளைப் பாருங்க" என்று கூசாமல் கைவிரித்தான், இவர் செலவில் வக்கீலுக்குப் படித்தவன். அதனால்தான் முன்பின் தெரியாத ஆளைத் தேடித் திண்டிவனம் வந்தார். இங்கேயும் அதே பேச்சு. இரண்டு ஊரில் இரண்டு பேர் ஒரே பேச்சைப் பேசினால், நடுவில் எவனோ புகுந்திருக்கிறான். வேறு யார், வீரம்மாளின் அண்ணன், வானூர் பாண்டுரங்கன்தான். தங்கையின் பங்கைப் பிரித்துக் கேட்கப்போகிறான் என்று காதில் விழுந்ததிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. அதற்குள் அவள் பங்கை ஆளவும் விற்கவும் தன் பேரில் அதிகாரம் எழுதி வாங்கிவிட்டால், நிலம் குடும்பத்தை விட்டுப் போகாது. கோர்ட்டு வாசலை மிதிக்காத குடும்பம் என்கிற பேரும் நிற்கும்.

"அப்ப நீங்க வாங்க. கார் வெச்சி இட்டுக்கினு போறேன்."

"முகையூர் என் எல்லையில இல்லீங்க. என் சர்டிபிகேட்டு இந்தத் தாலுக்காவுக்குத்தான்."

"ஒரு சீலுக்கு இத்தினி கெடுபிடியா? பாண்டுரங்கனைத் தெரியுமா ஒங்களுக்கு?"

"யாருங்க அவரு?"

என்னமாய் ஒன்றும் தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறான் என்று நினைத்தபடி தேவநாதன் எழுந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீரம்மாளை பஸ்ஸில் அழைத்து வந்தார். வழி நெடுக, ஏறுகிற ஒவ்வொரு முகத்திலும் வானூர்ச் சாயல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். முக்காடு விலகாமல் அவள் ராயப்பனின் மேசை முன் நின்றாள்.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க," என்றார் ராயப்பன். "படிச்சிக் காட்டணும். அவங்க சம்மதமான்னு கேக்கணும்."

"நான் இருந்தா என்ன?"

"நீங்க இருந்தா அவங்க பேசுவாங்களா?"

"பேச மாட்டா. எங்க வூட்ல புருசனோட அண்ணன் எதிர்ல பொம்பளைங்க வாயத் தொறக்க மாட்டாங்க. அதான் மருவாதி. நான் கேட்டப்ப கதவுக்குப் பின்னால நின்னு தலையாட்டினா, போதாதா?"

"போதாதுங்க. அதுக்குத்தான் வெளியில இருக்கச் சொல்றேன்."

கதவு சாத்திக்கொண்டது. தெருவில் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடகடத்துப் போயின. கடைசி வண்டியும் போனபிறகு, தேவநாதன் கதவோரமாக நகர்ந்தார். உள்ளே ராயப்பன் படிப்பது கேட்டது. அது நின்றது. அப்புறம் ஒரு பெண் குரல், கனத்து, அவசரமில்லாமல் எதையோ சொல்லத் தொடங்கியது.

அவர் கேட்டறியாத குரல். யார் அந்தப் பொம்பளை? பாண்டுரங்கன் தன் பெண்சாதியைப் பின்கட்டு வழியாக அனுப்பிவிட்டானா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றி ஓடினார். பின்னால் கதவே இல்லை. ஈரம் பூத்த வெறுஞ்சுவரும் ஒரு முருங்கை மரமும்தான் நின்றன.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருதரம் "எங்க பெரிய மாமா" என்றது. அவரைத்தான் சொன்னது. வீரம்மாள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நட்ட தென்னை காய்த்து ஓய்ந்துவிட்டது; அவள் குரலை அவர் கேட்பது இதுதான் முதல்தரம்.

"உம், அப்புறம்?" என்றார் ராயப்பன் உள்ளே.

குரல் தொடர்ந்தது. கதவைத் தட்டத் தூக்கிய கையைத் தட்டவும் முடியாமல், இறக்கவும் தோன்றாமல், தேவநாதன் அப்படியே நின்றார்.