கை மட்டும் தெரிகிற வீடியோ

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது இருதயம்மாள் டீச்சர் என் கையைப் பிடித்தார். "ஒன் நாத்தனா ஜான்சிக்கு நல்ல கைவேலை ஷெரின். எம் மகளுக்கும் சொல்லித்தரச் சொல்லு" என்று போனை நீட்டினார். வீடியோவில் ஒரு கூழாங்கல்லைச் சுற்றிச் செம்புக் கம்பி வளைந்து பதக்கமாகிக்கொண்டிருந்தது. முதல் தடவை கல் நழுவி நழுவி விழுந்ததாம், ஜான்சி சிரித்துக்கொண்டே சொல்கிறாள். குரல் அவளுடையதுதான். கை என்னுடையது. அந்த நழுவிய கல்லும் என்னுடையது.

மூன்று மாதமாக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் ஜஸ்டின் சின்னமனூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அங்கே மிஞ்சிய கம்பியைக் கேட்டு வாங்கி, போனில் பார்த்துப் பார்த்துச் சுற்ற ஆரம்பித்தேன். விவரம் கெட்டவள், மெல்லிசுக் கம்பியில் பெரிய கல்லைக் கட்டினேன்; நிற்குமா? தடித்த கம்பியை எடுத்தால் விரல் கிழிந்தது. முனையை உள்ளே மடக்காவிட்டால் குத்தும் என்பதை என் கழுத்தில் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வாக்கப்பட்டு வந்ததிலிருந்து எனக்கென்று இருந்தது இது ஒன்றுதான். தப்பு எங்கே என்று பார்த்துத் திருத்திக்கலாம் மதினி என்று சொல்லித்தான் ஜான்சி வீடியோ எடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் என்னையே மறைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஜான்சி தலையைக் குனிந்துகொண்டாள். பதில் சொன்னது என் வீட்டுக்காரர். ஜான்சியைப் பெண் பார்த்துவிட்டுப் போன குமுளி மாப்பிள்ளை வீட்டார் அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் பெண் கேட்டு வந்தார்களாம். பெண்ணுக்குக் கைத்தொழில் இருக்கிறதென்று ரொம்பத் திருப்தியாம். இன்றைக்குச் சாயங்காலம் ஜான்சி லைவ் போடுகிறாளாம். அவர்கள் குடும்பத்தோடு பார்ப்பார்களாம்.

"அப்ப ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

"ஒரே வீட்டுக்குள்ள என்ன ஒன்னுது என்னுது? கல்யாணம் முடியட்டும்."

ஜான்சி செய்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சின்னப்பெண், ஆசைப்பட்டுவிட்டாள். ஆனால் கடையிலிருந்து கம்பியைக் கொண்டுவந்து கொடுத்து, இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்டு, வாங்கிப் பார்த்து, நல்லாருக்கு என்று சொன்ன மனுசன் இவர். அன்று மத்தியானம் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் மேசைக்கு மேலே ஸ்டாண்டில், என் கை மட்டும் தெரிகிற மாதிரி போனை மாட்டினாள் ஜான்சி. பிறகு தன் மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள்.

"இத மட்டும் போட்டுக்கங்க மதினி. பொண்ணு பாக்க வந்தப்ப அவுக அம்மா இதப் பாத்திருக்காக."

போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

லைவ் தொடங்கியது. பக்கத்தில் நின்று அவள் பேச, நான் கல்லை எடுத்துக் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றினேன். இந்த வளைவை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொன்னாள். இரண்டு கையையும் மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

ஜான்சிக்குப் பேச்சை நிறுத்தத் தெரியவில்லை. "அடுத்து நான் இந்த முனைய உள்ள மடக்குறேன்" என்றாள். எதிரே நின்ற ஜஸ்டின், கையை எடுத்து வை என்று கண்ணாலேயே கெஞ்சினார். போன் திரையில் வெறும் மேசை, பாதி சுற்றிய கல். மடங்காத கம்பி முனை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு இலேசாக ஆடிக்கொண்டிருந்தது.