அரிசிக்குள் ஒரு பழம்

அறுத்த பழத்தின் சிவப்பு தட்டில் ஓடியது. தட்டிலிருந்து விரலுக்கு. விரலிலிருந்து உதட்டுக்கு. மழைக்கால வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு ஒன்றுதான் வீட்டில் பளிச்சென்று இருந்தது.

புறக்கடையில் ஒரு சிமெண்ட் தூண். தூணின் தலையில் பழைய வண்டி டயர். டயரைப் பிடித்துக்கொண்டு நாலா பக்கமும் தொங்கும் முள்தண்டுகள். தெய்வானை வைத்த டிராகன் பழச் செடி. இருட்டில் பூக்கும். விடிந்தால் நனைந்த துணிபோலத் தொங்கும். ஒரு மாதத்தில் பழம்.

போன வருஷம் காய்த்த முதல் பழத்தை இருவருமாகத் தின்றார்கள். மறுநாள் காலை அவள் புருஷன் ஆறுச்சாமி லுங்கியைப் பிடித்தபடி கக்கூஸிலிருந்து ஓடிவந்தான். "ஏ புள்ள, ஒண்ணுக்குல ரத்தம் போவுது."

அவளுக்கும் அப்படித்தான் போயிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாவாத்தாக்கா சிரித்தாள். "பீட்ரூட் தின்னாப் போகாதா? பழத்துச் சாயம் அது. சாயப்பட்டறைக்காரனுக்குச் சாயம் தெரியலையாக்கும்."

மூவரும் சிரித்தார்கள். அன்றோடு அது முடிவாகிவிட்டது. சிவப்பு என்றால் பழம்.

இருபத்திரண்டு வருஷமாக ஆறுச்சாமிக்குச் சாயத்தொட்டியில் வேலை. நகக்கண்ணில் நீலம். காதுமடலில் பச்சை. சோறு பிசையும் கை இன்றைக்கு என்ன நிறம் என்று பார்ப்பதை அவள் விட்டு வெகுநாளாயிற்று.

இந்த வருஷம் செடி தாங்காத காய்ப்பு. ஆடி பிறந்ததிலிருந்து அவன் கேட்டுக் கேட்டுத் தின்றான். தித்திப்பைக் கண்டால் முகம் சுளிக்கிற ஆள். "சூட்டுக்கு நல்லது புள்ள" என்றான். செடி வைத்தவளுக்கு அதில் ஒரு பெருமை.

ஐப்பசி மழை. மழைக்குள் இன்னொரு சத்தம். கக்கூஸில் அவன் தண்ணீர் ஊற்றும் சத்தம். ஒரு வாளி. இன்னொரு வாளி.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அரைச் சொம்புக்கு மேல் ஊற்றாதவன். அவள் கத்திக் கத்தி அலுத்துப்போன விஷயம் அது. இப்போது இரண்டு வாளி.

மழை பெய்தது. இரண்டு வாளி. மழை விட்டது. இரண்டு வாளி.

கார்த்திகையில் கடைசிப் பழம் பழுத்தது. அவள் அதைப் பறித்து அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். ஏன் என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் நாள் கேட்டான். "முடிஞ்சு போச்சுங்க" என்றாள். இரண்டாம் நாள் மழையில் நனைந்துகொண்டு தண்டு தண்டாகத் தூக்கிப் பார்த்தான். மூன்றாம் நாள், "சந்தையில கெடைச்சா ஒண்ணு வாங்கியா புள்ள" என்றான். அந்தக் குரலில் ஆசை இல்லை. மாத்திரை தீர்ந்துபோனவன் கேட்பதுபோல் இருந்தது.

ஐந்தாம் நாள் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. வாளி காலி. அவன் கக்கூஸிலிருந்து வெளியே வர, அவள் உள்ளே போகப் பார்த்தாள். "நில்லு, தண்ணி கொண்டாந்து ஊத்தீர்றேன்" என்று கையைக் குறுக்கே நீட்டினான். அவள் தட்டிவிட்டுப் போனாள்.

வெள்ளைப் பீங்கான். சிவப்பு.

திரும்பி வந்து டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டாள். அரிசி ஒட்டிய பழத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். கத்தி படாத பழம்.

"அஞ்சு நாளா இது இங்கதானுங்க இருக்குது."

அவன் பழத்தையே பார்த்தான். ஓட்டின்மேல் மழை விழுந்தது. "சடையப்பனுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது" என்றான்.

சடையப்பன் அதே சாயத்தொட்டியின் எதிர்ப்பக்கம் நின்றவன். போன தையில் அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போன நாலு பேரில் ஆறுச்சாமியும் ஒருவன்.

"எப்ப இருந்துங்க?"

"ஆடியிலிருந்து."

ஆடி. ஆவணி. புரட்டாசி. ஐப்பசி. அவள்தான் அறுத்தாள். அவள்தான் தட்டை நீட்டினாள். அவள்தான் இன்னொரு துண்டு தின்னச் சொன்னாள்.

மறுநாள் பெரியாஸ்பத்திரி. நர்ஸம்மா ஒரு சின்ன பாட்டில் கொடுத்தாள். அவன் அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு திரும்பி வந்தான். வாங்கிப் பார்த்த நர்ஸம்மா நிமிர்ந்தாள். "என்னங்க சாப்பிட்டீங்க? பீட்ரூட்டு கீட்ரூட்டு?"

ஆறுச்சாமி வாயைத் திறந்தான். "வூட்டுல ஒரு பழமுங்க..."

"தின்னலைங்க" என்றாள் தெய்வானை. "அஞ்சு நாளா அவரு பழமே தின்னலைங்க."

நர்ஸம்மா பேச்சை விட்டுவிட்டு எழுதத் தொடங்கினாள். பாட்டிலை ஜன்னலோரம் வைத்தாள். மழைக்கால வெளிச்சம் அதற்குள் இறங்கியது. அந்தச் சிவப்பு ஒன்றுதான் அந்த அறையில் பளிச்சென்று இருந்தது.