சுடர்விழியின் நான்காம் நாள்

தஞ்சாவூரில் தொடங்கி டெல்டாவைச் சுற்றிவரும் ஐந்து நாள் சைக்கிள் பந்தயத்தில் அன்று நான்காம் நாள். கும்பகோணமும் தரங்கம்பாடியும் முடிந்துவிட்டன. நாகப்பட்டினத்திலிருந்து அதிராம்பட்டினத்துக்கு ஓட்ட வேண்டும். காற்று நேர் எதிரே வந்தது.

சுடர்விழியின் வேலை ஜெயிப்பதல்ல. அணித்தலைவி ஜீவிதாவுக்கு முன்னால் ஓட்டி, அவள்மேல் காற்று படாமல் மறைப்பது. திருத்துறைப்பூண்டி வரை மறைத்தாள். அதற்குமேல் தொடைகள் மரத்துப்போயின. சைக்கிள் கூட்டம் அவளை விட்டுவிட்டுப் போயிற்று. முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் மட்டும் பின்னால் ஊர்ந்து வந்தது.

முத்துப்பேட்டைக்கு முன்னால் ஒரு வளைவு. திரும்பினால் பாதிச் சாலைக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. பிரேக்கைப் பிடித்ததுதான் தாமதம், சக்கரம் வழுக்கி நெல்மேல் விழுந்தாள்.

"ஐயையோ, பாப்பா!" நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் ஓடிவந்தாள். "பந்தயமெல்லாம் போயிருச்சுன்னுல்ல கொட்டினேன்! மழையில நனைஞ்ச நெல்லு, காயலேன்னா முளைச்சிரும்."

"நான்தாங்க கடைசி." கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அம்மாள் தண்ணீர் ஊற்றி, முழங்கைக் காயத்தில் ஒட்டியிருந்த நெல்லை ஒவ்வொன்றாக எடுத்தாள். வேன் டிரைவர் ஹபீப் முகம்மது இறங்கி வந்தார்.

"ஏறிக்கம்மா. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

வேனின் பின்சீட் காலியாக இருந்தது. அதில் படுத்துவிட்டால் போதும் போலிருந்தது.

"ஏறினா நாளைக்கு ஓட்ட முடியாதுல்லண்ணே?"

"முடியாதும்மா. நேரத்துக்குப் போய்ச் சேரலேன்னாலும் முடியாது."

"அப்ப ஓட்டியே பாத்துடறேன்ணே."

கொஞ்ச தூரத்திலேயே ஏன் அப்படிச் சொன்னோம் என்று நொந்துகொண்டாள். இறால் குட்டைகளைத் தாண்டிவந்த உப்புக்காற்று பட்டுக் காயம் எரிந்தது. மிதிப்பதை ஒரு கணம் நிறுத்தினாலும் எதிர்காற்றில் சைக்கிள் நின்றுவிட்டது.

அதிராம்பட்டினத்தில் வரவேற்பு வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரம் தாண்டிருச்சும்மா. நாளைக்கு நீ இல்ல."

கேட்டதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

ஜீவிதா தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று மூன்றாவதாக வந்திருந்தாள்.

"கையக் காட்டுடி." பாட்டில் தண்ணீரால் காயத்தைக் கழுவினாள். பிறகு, "நாளைக்குத் தஞ்சாவூர் வரைக்கும் எனக்கு யாருடி காத்த மறைப்பா?" என்றாள்.

சுடர்விழி சுவரில் சாய்ந்தாள். ஜீவிதா குனிந்து அவளுடைய ஒரு ஷூவைக் கழற்றினாள். அடுத்ததைக் கழற்றுவதற்குள் சுடர்விழி தூங்கிப்போயிருந்தாள்.