குறுக்குக் குழாய்கள்

துரை அந்தப் பிக்கப்பைத் தன் வீட்டிலிருந்து தள்ளிவிட்டபோது, அதன் சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. வண்டித் தரையில் விழுந்திருந்த ஓட்டை வழியாகக் களைச்செடி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட வண்டியைத்தான் அவன் அக்காவுக்குத் தானம் செய்தான்.

துரை என்பது வீட்டில் விழுந்த பட்டப்பெயர். சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பது? அம்மா மட்டும் அதைச் செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டு இன்றுவரை கூப்பிடுகிறாள். அப்பா உயிரோடு இருந்தபோதே தன் வண்டியை அவன் பெயருக்கு மாற்றிவிட்டார். அப்போது அது ஓடிக்கொண்டிருந்தது. உருண்டை விளக்கும் தடித்த மூக்குமாகப் பார்க்கவும் லட்சணமாக இருந்தது. அப்பாவோடு போய்ச் சாமான் ஏற்றி இறக்கி, பிளக் துடைத்து, டயர் கழற்றி மாட்டி வளர்ந்தவள் அக்காதான். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு வண்டி' என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். அவளுக்குக் கொடுக்கலாம் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை.

துரை வீடு வாங்கி விற்கும் தரகன். கொஞ்ச நாள் பிக்கப்பை ஓட்டினான், பிறகு கார் வாங்கினான், வண்டியை வீட்டுப் பின்பக்கம் மரத்தடியில் விட்டான். மழையும் இலையும் பறவை எச்சமுமாக வருஷக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. அவன் மனைவிக்கு அந்த இடம் தேவைப்பட்டபோதுதான் அக்காவின் ஞாபகம் வந்தது.

"எடுத்துட்டுப் போக்கா. நீயே வச்சுக்க. இல்லன்னா எடைக்குப் போட்டுருவேன்" என்றான். அவள் வீட்டுச் சமையலறையில் நின்று, அவள் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்து அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிப் பட்டறையில். உடைந்த கட்டில், சக்கரம் கழன்ற நாற்காலி, மடங்காத ஸ்ட்ரெச்சர் எல்லாம் அவளிடம்தான் வரும். வெல்டிங் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வண்டியை இழுத்துவந்து, சாயங்காலமும் விடுமுறையுமாக வீட்டு ஷெட்டிலேயே கிடந்தாள். எஞ்சினை இறக்கிப் பிரித்து, கழுவி, மறுபடி பூட்டினாள். பானெட்டையும் முன்சக்கர மூடிகளையும் தட்டி நிமிர்த்தி, பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்து, கரும்பச்சை அடித்தாள். சமையலறை ஜன்னலில் திருகாணி டப்பாக்கள் வரிசை கட்டின. அம்மா முணுமுணுத்தாள். முணுமுணுக்காமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கேபின்தான் மோசம். தரைத்தகடு அப்பளமாக நொறுங்கியது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் படித்தகடு இரண்டு பக்கமும் துருவேறிப் போயிருந்தது. இரண்டையும் அறுத்தெடுத்துப் புதுத்தகடு வைத்தாக வேண்டும். ஆனால் சும்மா அறுத்துவிட முடியாது. தரையும் படித்தகடும் போய்விட்டால், கேபின் அடிப்பக்கம் வெட்டிய அட்டைப்பெட்டிதான். லேசாகத் தொட்டாலும் கோணிக்கொள்ளும். பிறகு எந்தக் கதவும் சாத்தாது. அதனால் அறுப்பதற்கு முன்பே இரண்டு கதவு வாயிலும், உட்பக்கமாக, பெருக்கல் குறி போலக் குழாய்களைக் குறுக்கே வைத்து வெல்டிங் செய்தாள். அதற்குப் பிறகுதான் தரையையும் படித்தகடுகளையும் அறுத்தெடுத்தாள். வண்டிக்குள் ஏற முடியாது, ஏற வேண்டிய அவசியமும் இல்லை. புதுத்தகடு ஏறும்வரை அந்தக் குழாய்கள்தான் கேபினுக்கு எலும்பு.

பச்சை பெயிண்ட் அடித்த மூக்கைப் போட்டோ எடுத்துத் துரைக்கு அனுப்பியது அம்மாதான். பிள்ளை சந்தோஷப்படுவானாம்.

அக்கா பட்டறையில் இருந்தபோது துரையிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, கலக்கிட்ட போ. நல்ல பார்ட்டி ஒருத்தர் மாட்டியிருக்காரு. ஹோட்டல் வச்சிருக்காரு. வாசல்ல அழகுக்கு நிறுத்தணுமாம், பின்னாடி பூந்தொட்டி வைப்பாராம்."

"என்னடா சொல்ற? எதுக்கு?"

"விக்கத்தான். உன் கூலிய நான் பாத்துக் குடுத்துடறேன், கவலப்படாத."

கூலி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குக் காது சூடேறியது. கையிலிருந்த ஸ்பேனரை மேஜைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"துரை, வண்டி என்னுது. நீயே வச்சுக்கன்னு சொன்ன."

"பேச்சுக்கு ஆயிரம் சொல்லுவோம்க்கா. வண்டி யார் பேருல இருக்கு?"

"எடைக்குப் போடப் போறேன்னு சொன்ன வண்டிடா அது."

"அப்ப அது எடைக்குப் போற வண்டி. இப்ப அப்படியா?"

அவள் போனை வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா முன்னால் நின்றாள்.

"அம்மா, நீதான இருந்த. உன் முன்னாடிதான சொன்னான், நீயே வச்சுக்கன்னு?"

அம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அப்படிச் சொன்னானா? எனக்கு எங்கடி ஞாபகம் இருக்கு. வயசாச்சு."

பக்கத்து வீட்டுப் பெண்ணின் நிச்சயத்துக்கு யார் என்ன புடவை கட்டி வந்தார்கள் என்று ஒப்பிக்கிற அம்மாவுக்கு, இது மட்டும் ஞாபகம் இல்லை. துரைமீது வந்த கோபம் ஒரு பங்கு என்றால், அம்மாமீது வந்தது ஒன்பது பங்கு. அக்கா அன்று சாப்பிடவில்லை. அம்மா சாப்பிட்டாள்.

மறுநாள் துரைக்குப் போன் செய்து ஒன்றே ஒன்று சொன்னாள். "தரை வேலை முடியற வரைக்கும் ஒருத்தரும் வண்டியத் தொடக் கூடாது. அப்புறம் பேசிக்கலாம்." சரி சரி என்றான். சரி என்று இரண்டு தடவை சொன்னால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். அது அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் ஷெட் சாவியை வழக்கம்போல வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவள் திரும்பியபோது வாசலில் துரையின் கார் நின்றது. பக்கத்தில் இன்னொரு கார். ஷெட் திறந்து கிடந்தது. சாவியை எடுத்துக் கொடுத்த அம்மா, வந்தவர்களுக்கு ஜூஸ் கலக்க உள்ளே போயிருந்தாள்.

முதலில் கண்ணில் பட்டவை குழாய்கள். அறுபட்டு, ஷெட் தரையில் விறகுபோலக் கிடந்தன. அவளுடைய கட்டிங் மெஷின் வயர்கூடச் சுருட்டப்படாமல் பக்கத்தில் கிடந்தது. கேபினுக்குள் முன்னுக்கும் பின்னுக்குமாக ஒரு பலகை போட்டு, அதன்மேல் பழைய சீட்டை வைத்து, அதில் ஹோட்டல்காரர் உட்கார்ந்திருந்தார். நல்ல கனமான ஆள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துரை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"இறங்குங்க" என்றாள் அக்கா.

குரலில் இருந்தது புரியாமல் அவர் இன்னும் கொஞ்சம் சிரித்தார். அப்போது கேபின் முனகியது. இரும்பு வளையும்போது வரும் சத்தம் அது. ஒரு தடவை கேட்டவர்களுக்கு மறக்காது.

"இறங்குங்க சார், முதல்ல."

அவர் இறங்கினார். மரியாதைக்காரர், இறங்கியதும் கதவைச் சாத்தப் பார்த்தார். கதவு பாதியில் முட்டி நின்றது. மறுபடி தள்ளினார். துரை போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து தோள் கொடுத்து இடித்தான். பூட்டுக் கொண்டி அதன் வாயைவிட்டு ஒரு விரல் தள்ளிப் போயிருந்தது. அந்தப் பக்கக் கதவுக்கும் அதே கதி.

"கேபினே கோணிடுச்சு போலிருக்கே" என்றார் ஹோட்டல்காரர்.

"இல்ல சார், கொஞ்சம் எண்ணெய் விட்டா..." என்றான் துரை.

"வேண்டாம் சார். குடும்பத்தோட சாப்பிட வர்ற இடம். குழந்தைங்க ஏறி விளையாடும், கைய நசுக்கிக்கும். நான் வேற பாத்துக்கறேன்."

அக்கா அங்கேதான் நின்றாள், கைநீட்டினால் தொடும் தூரத்தில். இந்த வண்டியை யார் செய்தது, கோணல் நிமிருமா நிமிராதா என்று இரண்டு பேரில் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. ஹோட்டல்காரர் அம்மா கொண்டுவந்த ஜூஸை மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் கார் தெருமுனை திரும்பியதும் துரை அவள்பக்கம் திரும்பினான்.

"என்னக்கா வேலை பண்ணி வச்சிருக்க? ஒரு ஆள் உக்காந்தா கோணுது. மானம் போச்சு."

அடித்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அந்தக் குழாயெல்லாம் எதுக்குன்னு நினைச்ச?"

"ஏதோ முட்டுக் குடுத்து வச்சிருக்கன்னு நினைச்சேன்."

"முட்டுக் குடுத்தத அறுத்தா என்னடா ஆகும்?"

"அவரு உள்ள உக்காந்து பாக்கணும்னாரு. நீ இல்ல. என்ன பண்ணச் சொல்ற?"

"ஒரு போன் பண்ணிக் கேக்கத் தெரியாதா? இத்தன மாசம் நான் முதுகு ஒடிய உழைச்சத அரை மணி நேரத்துல அறுத்துப் போட்டுட்டு, என் வேலை சரியில்லன்னு சொல்ற. வெக்கமா இல்ல உனக்கு?"

அவள் கத்தவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. துரைக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"சரி விடு. இனிமே பேரீச்சம்பழத்துக்குக்கூட இத எவனும் வாங்க மாட்டான். நீயே வச்சுக்கிட்டு அழு."

"எழுதிக் குடு."

"என்ன?"

"பேர் மாத்தற தாள் உன் கார்லதான இருக்கும். விக்க வந்தவன் வெறுங்கையோடவா வந்திருப்ப? எடுத்துட்டு வந்து கையெழுத்துப் போடு."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கோணிப்போன வண்டிக்கு இவ்வளவு அவசரமா என்று சிரிப்பு வந்ததுபோல இருந்தது. காரிலிருந்து தாளை எடுத்துவந்து, பச்சை பானெட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். வாங்குபவர் பெயர் எழுதும் இடம் ஹோட்டல்காரருக்காகக் காலியாக இருந்தது. அதில் அக்கா தன் பெயரை அழுத்தி எழுதினாள். பேனா தாளைக் கிழித்துவிடும்போல இருந்தது. துரை அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, பெரிய மனசுக்காரன் மாதிரி நிமிர்ந்து நடந்து போனான்.

அம்மா ஷெட் வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் நிம்மதி.

"பாத்தியா, அன்னைக்கே சொன்னான், இது உனக்குத்தான்னு. சொன்ன வார்த்தையக் காப்பாத்திட்டான் பாரு."

அக்கா பலகையையும் சீட்டையும் இழுத்து வெளியே போட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து இரவல் வாங்கி வந்த ஜாக்கியைக் கதவு வாயில் சாய்வாக முட்டுக்கொடுத்து, மெல்ல மெல்ல அழுத்தினாள். கேபின் முனகியது, பிறகு அடங்கியது. அளந்து பார்த்தாள், இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கதவை விரலால் தள்ளினாள். 'டக்' என்று சாத்தியது. அந்தப் பக்கத்துக்கும் இப்படியே செய்ய வேண்டும், மறுபடி குழாய் வைக்க வேண்டும். இந்த வாரச் சாயங்காலங்கள் அதற்கே போய்விடும், ஆனால் வண்டி பிழைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். அவளோ ஒரு குழாயை வெடுக்கென்று கையில் எடுத்தாள்.

அம்மா கதவையே பார்த்தாள்.

"சரியாயிடுச்சே."

"ஆகும்."

"அந்த ஹோட்டல்காரர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமேடி. நல்ல இடம் தட்டிப்போச்சு துரைக்கு. பாவம்."

அக்கா கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள்.

"அவன் பாவம். நான்? என்னைப் பாத்து என்னைக்காவது பாவம்னு தோணிருக்காம்மா உனக்கு?"

அம்மா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது.

"உனக்கென்னடி. எத உன் கையில குடுத்தாலும் சரி பண்ணிக்குவ."

பாராட்டாகத்தான் சொன்னாள். அதுதான் அக்காவைக் குத்திக் கிழித்தது. சரி பண்ணிக்கொள்வாள் என்பதால்தானே நன்றாக இருக்கும்வரை எல்லாம் அவனுக்கு, உடைந்ததும் இவளுக்கு என்றாகிவிட்டது. வண்டி மட்டுமா? நடமாடி, சமைத்துப்போட்டு, பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த காலமெல்லாம் அம்மா துரை வீட்டில் இருந்தாள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் அவன் அவளைக் காரில் ஏற்றி, துணிப்பையோடு இந்த வாசலில் இறக்கிவிட்டுப் போனான். ஆஸ்பத்திரிக் கம்பியைப் பிடிக்கச் செய்து அம்மாவை மறுபடி நடக்க வைத்தது அக்கா.

அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் போதும், அம்மாவின் நிம்மதி இந்த நிமிஷமே உடைந்துவிடும். உடைந்தால் அதையும் யார் சரி பண்ணுவது?

அம்மா ஷெட் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் பாரம் போடாமல் நின்றுகொண்டிருந்தாள். ரொம்ப நேரம் நிற்க அவளால் முடியாது. அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு குழாயை எடுத்து அதன் இடத்தில் பொருத்தினாள்.

"உள்ள போய் உக்காரும்மா" என்றாள். "இந்த வெல்டிங் வெளிச்சத்தப் பாத்தா கண்ணு கெட்டுடும்."